பொய்ப்பழி வரும்போது: விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விசுவாசத்துக்கு வந்த புதிதில், இனி நம் பெயருக்குக் கேடு வராது, ஒழுங்காகத்தானே நடக்கிறோம் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு இருக்கும். பெரும்பாலும் அந்த நினைப்புக்குத்தான் முதல் அடி விழும். "பணம் வாங்கிக்கொண்டு மாறிவிட்டாள்" என்று சொந்தத் தெருவிலேயே பேசுவார்கள். வேலை செய்யும் கடையில் சரக்கு குறைந்தால் உங்கள் பெயர் அடிபடும். சபைக்குள்ளேயே உங்களைப் பற்றி இல்லாத ஒன்று அரசல் புரசலாகச் சுற்றும். கடலூரும் புதுச்சேரியும் அப்படி ஒன்றும் பெரிய ஊர்கள் இல்லை. மஞ்சக்குப்பத்தில் காலையில் கிளம்பிய பேச்சு மத்தியானத்துக்குள் முதுநகரைத் தொட்டுவிடும். சாயங்காலம் புதுச்சேரியில் இருக்கும் உங்கள் சித்தி போன் போட்டு "என்னம்மா இப்படிக் கேள்விப்பட்டேனே" என்பார்.

அந்த நேரத்தில் இரண்டு விதமான ஆலோசனை வரும். "சும்மா விடாதே, நாலு பேர் முன்னால் கேட்டுவிடு" என்பார்கள் சிலர். "ஒன்றும் பேசாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பார்கள் சபையில். இரண்டாவதில் பெரிய உண்மை இருக்கிறது. ஆனால் அதை எங்கே, யாரிடம், எதுவரை என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் மெமோவுக்குப் பதில் எழுதாமல் வேலையை இழந்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே ஜெபம் செய்யும் மனத்தை இழந்தவர்களும் உண்டு. ஆகவே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில், இயேசு எங்கே பேசினார் என்று பாருங்கள்

"தம்முடைய வாயை அவர் திறக்கவில்லை" என்ற ஏசாயா 53ஆம் அதிகாரத்து வார்த்தையை எல்லாரும் சொல்வார்கள். சரி, அதோடு நிறுத்தாமல் மத்தேயு 26, 27, லூக்கா 23, யோவான் 18, 19 ஆகிய அதிகாரங்களை ஒரே இரவில், ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். கையில் ஒரு பென்சில் வைத்துக்கொண்டு, அவர் பேசிய இடத்தில் ஒரு கோடு, பேசாத இடத்தில் ஒரு புள்ளி போடுங்கள்.

பொய்ச் சாட்சிகள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து சொன்னபோது அவர் பேசவில்லை. பிரதான ஆசாரியன், "நீ தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்துவா" என்று ஆணையிட்டுக் கேட்டபோது பேசினார். சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் அதை எடுத்துச் சொல், தகுதியாய்ப் பேசினேனேயானால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். ரோமத் தேசாதிபதி பிலாத்துவிடம் தமது ராஜ்யத்தைப் பற்றியும் சத்தியத்தைப் பற்றியும் பேசினார்; ஆனால் பக்கத்தில் நின்று பிரதான ஆசாரியர்கள் குற்றங்களை அடுக்கியபோது ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை, பிலாத்துவே ஆச்சரியப்பட்டான். ஏரோது ராஜா ஏதாவது அற்புதம் பார்க்க ஆசைப்பட்டு எத்தனையோ கேள்வி கேட்டான். அவனுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

இதைக் கவனித்தால் ஒன்று தெரியும். உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்பாதவனிடம் அவர் தம் பெயருக்காக வாதாடவில்லை. தாம் யார் என்ற உண்மையை, கேட்கப் பொறுப்புள்ளவரிடம் மறைக்கவும் இல்லை. கைகால் ஓய்ந்துபோய் அவர் மௌனமாக நிற்கவில்லை. பேதுரு அதன் உள்ளே இருந்ததைச் சொல்கிறார்: "அவர் வையப்படும்போது பதில் வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும், நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்." ஒப்புவித்தார் என்பதுதான் இதற்கெல்லாம் அடி. நம் வழக்கை வேறொருவர் கையில் கொடுத்தாகிவிட்டது. அதனால்தான் தெருவில் நின்று அதை நடத்த வேண்டியதில்லை.

ஆகவே பழி வந்ததும் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, "நான் பேசலாமா, கூடாதா" என்பது இல்லை. "கேட்பது யார், எதற்குக் கேட்கிறார்" என்பதுதான்.

முதல் இரவு

போனில் பதில் தட்டாதீர்கள். இது ஆவிக்குரிய ஆலோசனை, அதே அளவுக்கு நடைமுறை ஆலோசனையும்கூட. கொதிப்பில் எழுதிய ஒரு வரி, நாளைக்கு உங்களுக்கு எதிராகவே காட்டப்படும். வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தால் குழுவைவிட்டு வெளியேறவும் வேண்டாம். "குற்றம் செய்தவன்தான் ஓடுவான்" என்று ஆகிவிடும். அனுப்பியவர் எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வாய்வழியாக வந்த பேச்சு என்றால் ஒரு நோட்டில் எழுதுங்கள்: யார் சொன்னது, யார் முன்னால், என்ன வார்த்தை, எந்த நாள். உங்கள் கருத்து எதுவும் அதில் வேண்டாம், நடந்தது மட்டும். ஆறு மாதம் கழித்து ஒரு அதிகாரி கேட்டால் இந்த நோட்டுதான் பேசும்.

அப்புறம் அந்தக் காகிதத்தை ஆண்டவர் முன் வையுங்கள். இதை உவமையாகச் சொல்லவில்லை. எசேக்கியா ராஜாவுக்கு அசீரியாவிலிருந்து மிரட்டல் கடிதம் வந்தபோது, அதை ஆலயத்துக்கே எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான் என்று இரண்டாம் ராஜாக்கள் 19 சொல்கிறது. மெமோவோ, வாட்ஸ்அப் செய்தியின் பிரின்ட்டோ, அதை அப்படியே மேசையில் விரித்து முழங்கால் போடுங்கள். வீட்டில் தனி இடம் இல்லை என்றால் ஆலயத்துக்குப் போங்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவிலோ, மிஷன் வீதியில் சம்பா கோவில் என்று எல்லாரும் சொல்லும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்திலோ பின்வரிசையில் உட்காரலாம். எந்தச் சபை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என்ன சொல்லி ஜெபிப்பது என்று தெரியாவிட்டால் சங்கீதங்கள் கைகொடுக்கும். "கொடுமையான சாட்சிகள் எழும்பி, நான் அறியாததை என்னிடத்தில் கேட்கிறார்கள்" என்கிறது 35ஆம் சங்கீதம். பழி சுமந்தவனுக்கு இதைவிட நேரான வார்த்தை வேண்டுமா? அதோடு 7, 37, 109. இதில் 109ஆம் சங்கீதம் கடுமையான சாபங்கள் நிறைந்தது, புதியவர்கள் அதிர்ந்துபோவார்கள். என் எண்ணம், அந்தச் சாபங்கள் எதிராளியின் காதுக்குப் போகாமல் தேவன் காதுக்குப் போனதே நல்லது. உள்ளே இருக்கும் விஷத்தை அங்கே கொட்டினால், வெளியே கொட்ட வேண்டிய தேவை குறையும்.

உங்களையே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

7ஆம் சங்கீதத்தில் தாவீது, நான் இதைச் செய்திருந்தால் சத்துரு என் பிராணனை மிதிக்கட்டும் என்கிறான். அப்படிச் சொல்வதற்குமுன் அவன் தன் கையைப் பார்த்திருக்கிறான். நாமும் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அடிக்கடி வரும் ஒரு தகராறை எடுத்துக்கொள்வோம். விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபையில் கொண்டாடும் அறுப்பின் பண்டிகை. பண்ருட்டிப் பக்கத்துப் பலாப்பழம் ஒன்று, முந்திரி ஒரு பை, நாட்டுக்கோழி, வாழைத்தார், அக்கா ஒருவர் போட்ட பின்னல் விரிப்பு எல்லாம் ஏலத்துக்கு வரும். மைக்கில் ஏலம் உற்சாகமாக ஏறும். பாதிப் பேர் அங்கேயே பணம் கொடுப்பார்கள். மீதிப் பேர் "சம்பளம் வந்ததும் தருகிறேன், எழுதிக்கொள்" என்பார்கள். எழுதுகிற தம்பி, பெயரையும் தொகையையும் நோட்டில் கிறுக்கி வைப்பான். மூன்று மாதம் கழித்துச் சபைக் கணக்கில் வரவு குறைகிறது. "ஏலப் பணத்தைத் தம்பி எடுத்துவிட்டான்" என்று பேச்சு.

அவன் எடுக்கவில்லை, அது பொய். ஆனால் பணம் தராதவர்களின் பட்டியலை அவன் செயலரிடம் கொடுக்கவே இல்லை. நாலு ரசீதில் அடிக்கட்டை நிரப்பப்படவில்லை. இந்த அளவு உண்மை. இதை அவனே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்: "பணம் எடுக்கவில்லை. பாக்கிப் பட்டியலைக் கொடுக்காதது என் தவறு. இதோ பட்டியல்." இப்படிச் செய்தால் பழிக்கு நிற்க இடமே பாதி போய்விடும். செய்யாமல் "கர்த்தர் அறிவார்" என்று மட்டும் சொன்னால், நேர்மையான மனிதருக்கும் சந்தேகம் வரும், அதில் அவர்கள் மேல் குற்றமில்லை.

அதே சமயம் செய்யாததை ஒப்புக்கொள்ளவும் கூடாது. சமாதானத்துக்காக, "சரி, நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது தாழ்மைபோலத் தெரியும். அது பொய். யோபுவின் சிநேகிதர்கள் அவனிடம் இதைத்தான் கேட்டார்கள்: ஏதாவது பாவம் செய்திருப்பாய், ஒத்துக்கொள். அவன் கடைசிவரை மறுத்தான். தேவன் முடிவில் சிநேகிதர்களைக் கடிந்துகொண்டு, யோபு பேசியதே நிதானம் என்றார்.

ஒரே ஒரு பதில்

பொதுவில் பரவிய பழிக்கு ஒருமுறை பதில் சொல்லலாம். ஒருமுறைதான். இதில் எனக்குப் பிடித்த மாதிரி நெகேமியா. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டிக்கொண்டிருக்கும்போது, "நீ ராஜாவாகப் பார்க்கிறாய், கலகம் பண்ணப்போகிறாய்" என்று அவனுடைய எதிரி சன்பல்லாத்து ஐந்தாம் முறையாக முத்திரை போடாத கடிதம் அனுப்பினான். முத்திரை போடாததால் வழியில் எல்லாரும் படிக்கலாம். இன்றைய குழுச் செய்தி மாதிரிதான். நெகேமியா, நீர் சொல்வதில் ஒன்றும் நடக்கவில்லை, உம் மனதில் கட்டிக்கொண்டது என்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பினான். பிறகு "என் கைகளைத் திடப்படுத்தியருளும்" என்று ஜெபித்தான். பிறகு அலங்கத்துக்குப் போய்விட்டான். விளக்கக் கூட்டம் இல்லை, பதிலுக்குச் சன்பல்லாத்தின் வண்டவாளத்தை எடுத்துவிடவும் இல்லை.

நீங்கள் எழுத வேண்டியதும் இவ்வளவுதான்: "இந்தத் தகவல் உண்மையில்லை. கணக்கு ரசீதுகளோடு செயலரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கே இதற்குமேல் நான் பேசப்போவதில்லை." எழுதிய பிறகு ஒரு இரவு விட்டு, காலையில் படித்துப் பாருங்கள். எதிராளியின் பெயர், அவர் குடும்பம், பழைய கதை, "தேவன் உன்னைத் தண்டிப்பார்" என்ற மிரட்டல், இதில் எது இருந்தாலும் அடித்துவிடுங்கள். வசனத்தை ஆயுதமாகச் செருகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். "உனக்கு விரோதமாய் உருவாக்கப்படும் எந்த ஆயுதமும் வாய்க்காதேபோம்" என்று ஸ்டேட்டஸ் போடுவது மௌனம் ஆகாது. ஊருக்கே தெரியும் யாரைச் சொல்கிறோம் என்று.

பழி சொன்னவர் மரியாதைக்குரியவர், தப்பாகப் புரிந்துகொண்டவர் என்றால் அன்னாளைப் பாருங்கள். ஆலயத்தில் அவள் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது ஆசாரியரான ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்து அதட்டினார். அவள் "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்று ஆரம்பித்து, தான் குடிக்கவில்லை, மனக்கிலேசத்தில் ஜெபித்தேன் என்று மரியாதையோடு சொன்னாள். ஏலியும் உடனே அவளை ஆசீர்வதித்து அனுப்பினார். ஆயரிடமோ, மாமியாரிடமோ, வகுப்பு ஆசிரியரிடமோ இப்படி ஒரு நிமிடம் பேசினால் தீர்ந்துபோகிற பழிகள் நிறைய. அங்கே மௌனம் காட்டுவது வீண் வீம்பு. ஒரே சபையைச் சேர்ந்தவர் என்றால் மத்தேயு 18 சொல்லும் ஒழுங்கு இருக்கிறது: முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ அழைத்துப் போ, அப்புறம்தான் சபை. நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பாதிச் சண்டை.

காகிதத்தில் கேட்டால் காகிதத்தில் பதில்

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். நிர்வாகம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தால், போலீஸ் நோட்டீஸ் வந்தால், கோர்ட் சம்மன் வந்தால், விசாரணைக் குழு அழைத்தால் மௌனம் விசுவாசம் ஆகாது. அவர்கள் கேட்கும் பொறுப்பில் இருப்பவர்கள். பவுல் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சவுக்கடியைத் தடுத்தார். நியாயம் கிடைக்காது என்று தெரிந்தபோது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். தேசாதிபதி பேலிக்ஸ் முன்னால் அவர் பேசியதை அப்போஸ்தலர் 24இல் படியுங்கள். அவர் சொன்னது இது: நான் எருசலேமுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, நீர் விசாரித்தால் தெரியும். தேவாலயத்தில் நான் யாரோடும் தர்க்கம் பண்ணியதை இவர்கள் கண்டதில்லை. இப்போது சாட்டும் குற்றத்தை இவர்களால் நிரூபிக்க முடியாது. நாள், இடம், ஆதாரம். அழுகையும் திட்டும் இல்லை. மெமோவுக்கு விளக்கம் எழுத இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

மெமோவில் கடைசி நாள் போட்டிருக்கும். அதற்குள் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்தோ சீலோ வாங்கிக்கொள்ளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார் என்றால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளின்படி புகார் நகல் கிடைத்ததிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். புகார் கொடுத்தவரோடு இந்தச் சமயத்தில் நேரிலோ போனிலோ பேசவே வேண்டாம். சமாதானம் பேசப் போனால்கூட மிரட்டப் போனதாகத்தான் படும்.

போலீஸிலிருந்து நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ் வந்ததா என்று பாருங்கள். அந்த நோட்டீஸுக்குக் கட்டாயம் போக வேண்டும். வக்கீலோடு போங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு சொல்கிறது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது, எதற்குச் சொல்லாமல் இருப்பது என்பதை வக்கீல் சொல்வார். இந்த மௌனம் சட்டம் தந்த உரிமை. பயன்படுத்தலாம், அதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக் குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் இலவச உதவி உண்டு.

நாமே அவதூறு வழக்குப் போடலாமா என்று கேட்பார்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 356ஆம் பிரிவு, போலீஸில் எப்.ஐ.ஆர். போட்டு நடக்கிற காரியம் இல்லை, மாஜிஸ்திரேட் முன் தனிப் புகாராகத் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் சகோதரன் சகோதரன்மேல் வழக்குக்குப் போவதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாதா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். தற்காத்துக்கொள்ள மன்றத்தில் நிற்பது ஒன்று, பழிவாங்க மன்றம் ஏறுவது வேறு. பிழைப்பே போகும் என்ற நிலை இல்லாவிட்டால், என் ஆலோசனை வழக்கை விட்டுவிடுவதுதான்.

புதுச்சேரியின் சொந்தச் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு சம்பவம் உண்டு. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷாக, அதாவது தரகராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த நைனியப்ப பிள்ளை 1716இல் கவர்னர் எபேர் காலத்தில் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். 1717இல் சிறையிலேயே இறந்துபோனார். அவர் இந்து, அன்றைய இயேசு சபைக் குருமாரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை, அவர்களும் அவருக்கு எதிர்ப்பக்கமே நின்றார்கள். ஆனால் குடும்பம் சும்மா இருக்கவில்லை. பிரான்சுக்கு முறையீடு போனது, தீர்ப்பு ரத்தானது. மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்கே போய், அங்கே கிறிஸ்தவராகி, திரும்பி வந்து தகப்பன் வகித்த பதவியில் அமர்ந்தார். பழி போடுகிற பக்கத்தில் சபையைச் சேர்ந்தவர்களும் நிற்கக்கூடும் என்பதை நாம் மறக்கக் கூடாது. அந்தக் குடும்பம் மேல்முறையீடு செய்யாமல் இருந்திருந்தால் அவர் பெயர் இன்றும் குற்றவாளிப் பட்டியலில்தான் இருக்கும்.

காத்திருக்கும் நாட்கள்

பதிலும் சொல்லியாயிற்று, காகிதமும் கொடுத்தாயிற்று. அதன்பிறகு வரும் நாட்கள்தான் கஷ்டம். "நெருப்பில்லாமல் புகையுமா" என்று யாரோ சொன்னது காதில் விழும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இங்கேதான் மௌனம் உண்மையான வேலையாகிறது.

இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள்: ஒருவர் ஆயரோ, பங்குத்தந்தையோ, மூத்த விசுவாசியோ, இன்னொருவர் உங்களைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். அவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டுங்கள். மற்றவர்களிடம் வேண்டாம். முக்கியமாக, ஜெபக்குழுவில் இதை ஜெபக்குறிப்பாகக் கொடுக்காதீர்கள். "அந்த அக்காவுக்காக ஜெபியுங்கள், அவர் என்மேல் பொய் சொல்லிவிட்டார், மனம் திரும்பணும்" என்று கேட்பது ஜெபத்தின் பெயரில் கோள் சொல்வது. நம் சபைகளில் பழிகள் பரவும் பெரிய வழி இதுதான். நமக்கு அது நடந்ததால் நாமும் அதையே செய்ய உரிமை வந்துவிடாது. "எனக்குப் பொறுமை வேண்டும், ஜெபியுங்கள்" என்று கேட்டால் போதும்.

வீட்டுக்காரரிடமோ மனைவியிடமோ முழுவதையும் சொல்லிவிடுங்கள். வெளியாள் வாயிலிருந்து அவர்கள் கேட்கக் கூடாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு, "அம்மாவைப் பற்றிச் சிலர் தப்பாகப் பேசுகிறார்கள், அது உண்மை இல்லை, நீ யாரோடும் சண்டை போட வேண்டாம்" என்று ஒரு வாக்கியம் போதும்.

ஞாயிறு ஆராதனைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். வழக்கமான இடத்தில் உட்காருங்கள். பழி சொன்னவர் எதிரில் வந்தால் "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டு நகருங்கள். நின்று பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் அதே வார்த்தை ஓடிக்கொண்டிருந்தால் 37ஆம் சங்கீதத்தின் இந்த வசனத்தை மெதுவாகச் சொல்லுங்கள்: "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு; அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்." சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். உபவாசம் இருப்பவர்கள், அது ஜெபத்துக்காகவா, மனம் வெறுத்ததாலா என்று தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். அந்த இருவரில் ஒருவரை உடனே கூப்பிடுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள். எலியாவும் சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் என்று சொன்னவன்தான். தேவன் அவனுக்கு முதலில் சாப்பாடும் தூக்கமும் கொடுத்தார்.

கத்தோலிக்கச் சகோதரர்கள் புனித ஜெரார்டு மஜெல்லாவைச் சொல்வார்கள். இத்தாலியில் இரட்சகர் சபையில் இருந்த எளிய சகோதரர் அவர். 1754இல் ஒரு பெண் அவர்மேல் ஒழுக்கக்கேடான பழி சொன்னாள். சபையின் தலைவர் அல்போன்ஸ் லிகோரி விசாரித்தபோது அவர் மறுத்துப் பேசவில்லை; நற்கருணை வாங்கக் கூடாது என்று தண்டனை கிடைத்தது. சில மாதம் கழித்து அந்தப் பெண்ணே நோய்ப்படுக்கையிலிருந்து எழுதி, தான் சொன்னது பொய் என்றாள். அந்த நாட்களில் அவருக்கு மிகவும் வலித்தது நற்கருணை இல்லாததுதான் என்பார்கள். நான் அவரை மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தன்னை நியாயப்படுத்திப் பேசாமல் இருப்பது தம் சபை ஒழுங்கு என்று அவர் எடுத்துக்கொண்டார். குடும்பமும் சம்பளமும் இருக்கிற நமக்கு அந்த ஒழுங்கு விதிக்கப்படவில்லை. அவருடைய மன அமைதியைக் கேட்டு ஜெபியுங்கள். அவர் செய்ததை அப்படியே செய்ய வேண்டும் என்று இல்லை.

எதிராளிக்காக எப்படி ஜெபிப்பது

ஆரம்பத்தில் வாயில் வராது, பரவாயில்லை. பெயரை மட்டும் சொல்லுங்கள். சில நாளில், "அவருக்கு இன்றைக்கு வேலை நல்லபடியாக நடக்கட்டும்" என்று ஒரு வாக்கியம் வரும். அவருடைய பிள்ளையின் பரீட்சை, அவர் அம்மாவின் கால்வலி என்று உண்மையான தேவை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அவர் கண்ணைத் திறவும்" என்ற ஜெபத்தைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். அதற்குள் நம் கோபம் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

மௌனமாக இருக்கக் கூடாத இடங்கள்

உங்களை வீட்டில் அடிப்பவர், "வெளியில் சொன்னால் நீ சாட்சியைக் கெடுக்கிறாய்" என்றால் அது அவர் தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்வது. பேசுங்கள். குழந்தைக்கு ஆபத்து, மற்றவர் பணம், வேறொரு அப்பாவி மாட்டிக்கொள்வது, இவற்றிலும் பேசியே ஆக வேண்டும். சபையில் பொறுப்பில் இருப்பவர்மேல் குற்றச்சாட்டு வந்தால், "இயேசுவும் மௌனமாக இருந்தார்" என்று சொல்லி விசாரணையைத் தட்டிக் கழிக்கக் கூடாது. கணக்கைக் கொடுத்து, பொறுப்பிலிருந்து விலகி நின்று, விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும்.

கத்தோலிக்க விவிலியத்தில் தானியேல் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னா கதை இருக்கிறது. இரண்டு மூப்பர்கள் பொய்ப்பழி சுமத்தி அவளுக்கு மரண தண்டனையே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அவள் கூட்டத்தில் சண்டை போடவில்லை. ஆனால் உரத்த குரலில் கடவுளை நோக்கி, இவர்கள் சொல்வது பொய் என்று கூப்பிட்டாள். கடவுள் அனுப்பியது இடியோ மின்னலோ இல்லை. ஒரு இளைஞனை எழுப்பினார். அவன் மூப்பர்களைத் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று கேட்டான். ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறொரு மரத்தையும் சொல்ல, பொய் உடைந்தது. நியாயமான விசாரணை என்பது விசுவாசத்துக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

உண்மை வெளியே வந்தபிறகு, வராவிட்டாலும்

யோசேப்பின்மேல் பொய்ப்பழி சுமத்திய போத்திபாரின் மனைவி மன்னிப்புக் கேட்டதாக ஆதியாகமம் சொல்லவில்லை. யோசேப்பு உயர்ந்தான், ஆனால் அந்தப் பழியை அவள் வாயால் திரும்பப் பெற்றதாக ஒரு வரியும் இல்லை. உங்களுக்கும் அப்படி ஆகலாம். விசாரணையில் நிரபராதி என்று ஆன பிறகும் நாலு பேர் நம்பாமல்தான் இருப்பார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் காகிதத்தைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பழி சொன்னவர் வந்து மன்னிப்புக் கேட்டால் மன்னியுங்கள். அதோடு ஒன்று கேட்கலாம், கேட்க வேண்டும்: எந்தக் குழுவில் அந்தச் செய்தி போனதோ, அதே குழுவில் "நான் சொன்னது தவறு" என்று ஒரு வரி. இதைக் கேட்பது வஞ்சம் இல்லை. பொய்யை நம்பியவர்களுக்கும் உண்மை தெரிய வேண்டுமே. அவர் எழுதிய பிறகு அதன்கீழ் நீங்கள் "நன்றி" என்று மட்டும் போடுங்கள். மற்றவர்கள் அவரைக் குதறத் தொடங்கினால், தடுப்பது உங்கள் பொறுப்பு.

காகிதங்களை உடனே கிழித்துப் போட வேண்டாம். மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டதா என்று வக்கீலைக் கேட்டு, அதுவரை பத்திரமாக வையுங்கள். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு ஏல நோட்டை மறுபடியும் உங்கள் கையில் கொடுத்தால், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கூடவே இன்னொருவர் உட்கார வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், பாக்கிப் பட்டியல் அன்றைக்கே செயலரிடம் போக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.